திக்குவாய்க் கண்டக்டரின் பேத்தி

அடுத்தவர் ஆரம்பித்த வாக்கியத்தைத் தாங்களே முடித்துவைக்கிற கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டு. நல்ல மனிதர்கள்தான். உதவி செய்வதாகத்தான் அவர்களுக்கு நினைப்பு. ஆனால் திக்கிப் பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தட்டில் இருந்த சோற்றை யாரோ எடுத்துத் தின்றுவிட்டு, 'உனக்காகத்தான் சாப்பிட்டேன்' என்று சொன்ன மாதிரி இருக்கும் என்பார்கள்.

அந்த மருத்துவமனைக்குப் புதிதாக வந்த எலும்பு டாக்டர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். கைராசிக்காரர், வேலையில் சூரர், பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. அவருடைய ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவளுக்குப் பிறந்ததிலிருந்து திக்குவாய். இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

சிக்கல் ஒரே ஒரு நிமிடத்தில்தான் இருந்தது. கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் வேலையை நிறுத்த வேண்டும். தியேட்டர் நர்ஸ் தாளைப் பார்த்து, நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று உரக்கப் படிக்க வேண்டும். மற்ற நர்ஸுகள் பத்து நொடியில் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். இவளுக்கு ஒரு நிமிடம் ஆகும். வாய் மக்கர் செய்கிற நாளில் இரண்டு நிமிடம்கூட ஆகும். பழைய டாக்டர் அந்த நேரத்தில் கண்ணை மூடி நிற்பார். புதியவருக்குக் கால் தரையில் நிற்காது.

புதன்கிழமை மதியம் நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு. டாக்டர் என்ன சொல்றார்னு நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணும்னு இல்ல."

அவள் தலையை ஆட்டினாள்.

"உன் வேலையில எனக்கு ஒரு குறையும் கிடையாது. பதினோரு வருஷமாப் பாக்கறேன். ஆனா இந்தப் படிக்கிற விஷயம்... எந்தப் பக்கம்னு விரலால காட்டிட்டாப் போதாதா?"

"உ... உரக்கப் படிக்கணும்னுதான் விதி, மேடம். எல்லார் கண்ணும் அவங்கவங்க வேலையில இருக்கும். கா... காதுக்குத்தான் சொல்றோம்."

"எனக்கே விதி சொல்லித் தர்றியா?" மேட்ரன் சிரித்துவிட்டார். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. "சரி. நாளைக்கு முதல் கேஸுக்கு நானே வந்து நிக்கறேன். நீ படி. நடக்கிற காரியமாத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். இல்லன்னா திங்கக்கிழமையிலேர்ந்து கீழ கருவி கழுவுற அறைக்குப் போயிடு. சம்பளத்துல ஒண்ணும் குறையாது."

கருவி கழுவும் அறை ஒன்றும் கேவலமான இடம் இல்லை. கத்திரியையும் இடுக்கியையும் நீராவியில் வேகவைத்து, துணியில் கட்டி மேலே அனுப்புவார்கள். அதில் கவனம் பிசகினால் மேலே ஒரு உயிர் போகும். ஆனால் அங்கே பேச ஆள் இல்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை. திக்குகிறவளை அங்கே அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தியேட்டர் அவள் ஆசைப்பட்டு, போராடி வாங்கிய இடம். வாய் சரியில்லை என்பதற்காகக் கையையும் கண்ணையும் சேர்த்துக் கீழே அனுப்புவது என்ன நியாயம்?

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது தாத்தாவின் நினைப்பு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? தாத்தா பஸ் கண்டக்டர். அவருக்கும் திக்குவாய்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொல்லிவைத்தவர்கள் தாத்தாவைப் பார்த்ததில்லை. வேலைக்கு மனுப் போட்டு அவர் நேரில் போனபோது அதிகாரி பெயரைக் கேட்டாராம். தாத்தா ஆரம்பித்தார். அதிகாரி ஒரு கடிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்; அப்போதுதான் தாத்தா முடித்தார். "இந்த வாயை வச்சுக்கிட்டு கண்டக்டர் வேலையா?" என்று கேட்டு, பஸ் கழுவும் வேலையைக் கொடுத்தார்கள். ஆறு வருடம் பஸ் கழுவினார். ஒவ்வொரு வருடமும் கண்டக்டர் வேலைக்கு மனுக் கொடுத்தார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; அந்த அதிகாரி அம்மியைவிடக் கொஞ்சம் இளகியவர், ஏழாவது வருடம் நகர்ந்தார்.

அப்போதெல்லாம் நிறுத்தத்தின் பெயரைக் கண்டக்டர்தான் கூவ வேண்டும். தாத்தாவின் வழியில் மில் கேட்டு, தண்ணீர்த் தொட்டி, பாலம், பழைய கோர்ட்டு என்று பதினான்கு நிறுத்தங்கள். 'ப' என்ற எழுத்து அவருக்குப் பரம்பரை விரோதி. "ப்... ப்..." என்று அவர் உதட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பாலம் வந்து, போயும் விடும். இறங்க வேண்டியவர்கள் சத்தம் போடுவார்கள். ஆரம்பத்தில் தினமும் வசவுதான்.

ஒரு மழை நாளில் அவரால் முடியவில்லை. காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டதில் நாக்கு சுருண்டு கிடந்தது. பாலம் நெருங்கியது. 'ப' வராது என்று தெரிந்துவிட்டது. சட்டென்று "ஆத்தங்கரை!" என்று கூவினார். பொய் இல்லை, பாலத்தின் அடியில் ஆறுதானே ஓடுகிறது? வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள். தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்னையே கடிந்துகொண்டாராம்.

பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய் நின்றதும் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையில் வெள்ளைக் கோல். "பாலம் இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார்.

கண் தெரியாத அந்த மனிதருக்கு அன்று டெலிபோன் ஆபீஸில் வேலைக்கான நேர்முகம். ஆத்தங்கரை என்று ஒரு நிறுத்தத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மழைக்காக வேறு வழியில் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். தாத்தா அடுத்த பஸ்ஸில் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நேரம் முடிந்துவிட்டிருந்தது. தப்பு என்னுடையது என்று அங்கிருந்தவர்களிடம் திக்கித் திக்கிச் சொன்னார். யார் காதில் விழும்? அந்த மனிதருக்கு அடுத்த வருடம்தான் வேலை கிடைத்தது.

தாத்தா இந்தக் கதையை மறைத்ததே இல்லை. கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். "கண்ணிருக்கிறவன் யாரும் என் வா... வாயை நம்பி உக்காரல. அந்த ஒரு மனுஷன்தான் நம்பி உக்காந்திருந்தார். அவருக்குத்தான் நான் வார்த்தையை மாத்தினேன்" என்று முடிப்பார்.

மறுநாளிலிருந்து அவர் வார்த்தையை மாற்றவில்லை. ஆரம்பிக்கும் இடத்தை மாற்றினார். மரக்கடைத் திருப்பத்திலேயே "ப்... ப்..." என்று தொடங்கிவிடுவார். பஸ் பாலத்தில் நிற்கும்போது 'பாலம்' முழுசாக வெளியே வந்திருக்கும். எந்த நிறுத்தத்துக்கு எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று பதினான்குக்கும் கணக்கு வைத்திருந்தார். கொஞ்ச நாளில் பயணிகளுக்கும் பழகிவிட்டது. அவர் ஆரம்பித்தால் மூட்டையை எடுப்பார்கள், முடித்தால் இறங்குவார்கள். வேறு கண்டக்டர் வந்தால், "இவர் திடீர்னு சொல்றாரே, எழுந்திருக்கவே நேரமில்லையே" என்று வயதானவர்கள் குறைபட்டுக்கொண்டார்களாம்.

பாடினால் திக்காது என்று யாரோ அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்து, நிறுத்தங்களை ராகத்தோடு பாடும்படி உத்தரவும் வந்தது. தாத்தா ஒரே ஒரு நாள் பாடினார். தண்ணீர்த் தொட்டியை அவர் இழுத்த இழுப்பில் பின் சீட்டில் இருந்தவர்கள் கைதட்டி, இன்னொரு தரம் கேட்டார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, "நான் க... கச்சேரிக்கு வரல, டிக்கெட் கு... குடுக்க வந்தேன்" என்றார். அத்தோடு பாட்டு நின்றது.

வீட்டில் ஐந்து பேரப் பிள்ளைகள். அதில் இவள் ஒருத்திக்குத்தான் அவருடைய வாய் வாய்த்தது. அம்மாவுக்கு அது பெரிய துக்கம். மகள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் அம்மா அவசரமாக முடித்துவைப்பாள். "தண்ணி வேணுமா? பென்சில் வேணுமா? வயிறு வலிக்குதா?" அப்போதெல்லாம் தாத்தா டம்ளரை மேஜையில் டொக்கென்று வைப்பார்.

"அவ பஸ் இ... இன்னும் வந்து நிக்கல. நீ ஏன் முன்னாடியே இறங்கறே?"

அம்மாவுக்குக் கோபம் வரும். மாமனாரிடம் என்ன சொல்ல முடியும்? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

பேத்திக்கு ஒன்பது வயதில் நடந்தது இது. கறுப்பு நூல்கண்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள். கடையில் 'க' வரவில்லை. நீலம் சுலபமாக வந்தது. நீல நூலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "கறுப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு பொய்யும் கூடவே வந்தது. தாத்தா நூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இந்த வியாபாரம் அவர் செய்யாததா? பழம் தின்று கொட்டை போட்டவர். திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, பாப்பா" என்றார்.

கடையில் அவளைப் பேசச் சொல்லி ஒதுங்கி நின்றிருக்கலாம். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, தானே ஆரம்பித்தார். "க்... க்... க்..." பக்கத்தில் இவளும் அதே நேரத்தில் "க்... க்..." கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, பெரியவர் கஷ்டப்பட்டுப் பேசறாரு, அவரையே கிண்டல் பண்றியா? வயசுக்கு மரியாதை வேணாம்?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

தாத்தா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வர, கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் "கறுப்பு நூல்" என்று சொல்லி முடித்திருந்தாள். திரும்பி வரும்போது, "பக்கத்து வார்த்தை சு... சுலபமாத்தான் வரும், பாப்பா. ஆனா கைக்கு நீல நூல்தான் வரும்" என்றார். அவள் வாழ்க்கையில் கேட்ட உபதேசம் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது.

நான்கு வருடத்துக்கு முன் தாத்தா போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் இதே மருத்துவமனையில், இரண்டாவது மாடி வார்டில் கிடந்தார். ஏதோ சொல்ல முயன்றார். வார்டு நர்ஸ் தங்கமான பெண், "தண்ணியா? போர்வையா? வலிக்குதா?" என்று வரிசையாகக் கேட்டாள். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். எதற்கும் தலையாட்டவில்லை. தியேட்டர் வேலை முடிந்து பேத்தி வரும்வரை பிடிவாதமாகக் காத்திருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருக்கு இருந்த மூச்சுக்கு அது மலையேறுகிற வேலை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"ஜ... ஜன்னலைத் திற."

திறந்தாள். அதைக் கேட்க வேறு யாருக்கும் நேரம் இல்லாமல் போனதே என்று அன்று அவளுக்கு அழுகை பொங்கியது. அவரைப் போல அவள் பேசுவதைக் கேட்க இன்னொருத்தர் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

வியாழக்கிழமை காலையில் அவள் மற்ற நாளைவிட அரை மணி முன்னதாக வந்தாள். முதல் நோயாளி ஓய்வுபெற்ற தபால்காரர். மூட்டுத் தேய்ந்துபோய், செயற்கை மூட்டு வைக்க வேண்டும். தாளைப் படித்தாள், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், தோலில் பேனாவால் போட்ட குறியைப் பார்த்தாள். பிறகு அவரிடமே கேட்டாள்.

"எ... எந்தக் காலுக்கு ஐயா?"

"வலது முழங்கால், சிஸ்டர். முப்பத்தி நாலு வருஷம் ஊர்க் கடுதாசியெல்லாம் சுமந்த கால். இப்ப அதுக்கே ரிட்டையர்மெண்ட் குடுத்தாச்சு."

தாள், படம், குறி, ஆள், நாலும் ஒன்றுதான். வலது. அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். தபால்காரர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நெஞ்சுக்குக் குறுக்கே துணித்திரை கட்டி, அந்தப் பக்கம் தெரியாமல் மறைத்திருந்தார்கள். தலைமாட்டில் மயக்க டாக்டர். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு மேட்ரன். எலும்பு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ம், படிங்க."

எல்லோர் கையும் நின்றது. அவள் தாளை உயர்த்தினாள். நோயாளியின் பெயர் இரண்டு தடவை முட்டி, வெளியே வந்தது. வயது வந்தது. மூட்டு மாற்று அறுவை என்பதும் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. மிச்சம் இருந்தது பக்கம்.

"வ்..."

உதடு பூட்டிக்கொண்டது. சத்தமே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது எல்லோருக்கும் கேட்டது. 'சோத்துக்கைப் பக்கம்' என்று ஒரு வார்த்தை நாக்கின் நுனியில் வந்து, என்னை எடுத்துக்கொள் என்று நின்றது. அவள் எடுக்கவில்லை.

"வ்... வ்..."

"வலது முழங்கால். சரி, ஆரம்பிக்கலாம்." டாக்டர் கையை நீட்டினார்.

சொன்னது சரிதான். ஒரு எழுத்து தப்பில்லை. அவள் தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவள் தலையை ஆட்டவில்லை. கத்தித் தட்டை இடது கையை விரித்து மறைத்தாள். வலது கையில் தாள் அப்படியே இருந்தது.

"சிஸ்டர், அதான் சொல்லியாச்சே?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேட்ரன் சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து தபால்காரரின் குரல் வந்தது.

"டாக்டர் ஐயா, அந்தப் பொண்ணு சொல்லி முடிக்கட்டுமே. எனக்கொண்ணும் அவசரமில்ல. கால் என்னோடதுதானே?"

யாரும் சிரிக்கவில்லை. மயக்க டாக்டர் தன் கையில் இருந்த தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்தார். உதவிக்கு நின்ற இளம் டாக்டர் குனிந்து பேனாக் குறியைப் பார்த்தார். எலும்பு டாக்டருக்கும் வேறு வேலை இல்லாததால், திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"வ்... வ்... வலது... முழங்கால்."

அவள் தட்டின் மேலிருந்து கையை எடுத்தாள். "ஆரம்பிக்கலாம், டாக்டர்" என்றாள். அது திக்காமல் வந்தது.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது. இருவரும் வேலைக்கான வார்த்தை தவிர வேறு பேசவில்லை. அவர் கை நீட்டுவதற்கு முன்பே வேண்டிய கருவி அவள் கையில் இருந்தது. முடிந்ததும் வெளித் தொட்டியில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே மேட்ரனிடம் சொன்னார்.

"பாத்தீங்கல்ல? ரெண்டு நிமிஷம். முழுசா ரெண்டு நிமிஷம்."

"பாத்தேன்," என்றார் மேட்ரன். "அந்த ரெண்டு நிமிஷத்துல மூணு பேர் அந்தக் கால் எதுன்னு தாங்களே திரும்பிப் பாத்தாங்க. நீங்களும் பாத்தீங்க. கடகடன்னு படிக்கிற அன்னிக்கு யாரும் பாக்கறதில்ல. நானும் இருபது வருஷமா இங்க நிக்கறேன்."

டாக்டர் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் பாதிதான் மிச்சமிருந்தது.

"நான் சொன்னது சரியா, தப்பா சிஸ்டர்? நீங்களும் அதையேதானே சொன்னீங்க?"

"ச... சரிதான், டாக்டர்." அவள் குழாயை மூடினாள். "ஆனா நீங்க எ... என்... என்..."

வார்த்தை அடைத்துக்கொண்டது. டாக்டரின் உதடு தானாக அசைந்தது. அவருக்கு அந்த வாக்கியத்தை முடித்துவைக்க ஆசைதான். ஆனால் அது எங்கே போகிறது என்று இந்த முறை அவருக்குத் தெரியவில்லை. ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், தன் வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"என் வாயைப் பா... பாத்துச் சொன்னீங்க. நான் காலைப் பா... பாத்துச் சொன்னேன்."

டாக்டர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, மேட்ரன் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அடுத்த நோயாளியோட தாளைச் சிஸ்டர்கிட்ட குடுங்க."